ஒன்பதரைக்குக் கட்டின கயிறு

உக்காருங்க தம்பி. மனு வாங்குறவன் சன்னலச் சாத்திட்டுச் சாப்பிடப் போயிட்டான். ஒன்னரைக்குத்தான் தெறப்பானாம். நீங்களும் நானும் அஞ்சு நிமிசம் முந்தி வந்திருந்தா வேல முடிஞ்சிருக்கும். இந்தப் பையை நவுத்திக்கிடுதேன், இருங்க. உள்ள தூக்குச்சட்டி இருக்கு, சாஞ்சிரக் கூடாது.

உங்களுக்கு என்ன கேஸு? பிரிட்ஜா? குளுரலையா? அதெல்லாம் ஒரு கேஸா தம்பி, வேற பிரிட்ஜு குடுத்துருவான். என் விசயத்தக் கேட்டீகன்னா பிரிட்ஜையே மறந்துருவீக. இந்தக் கன்ஸ்யூமர் கோர்ட்டுல நான் கப்பல் மேல கேஸ் போட வந்திருக்கேன். சிரிக்காதீக. கப்பல்தான். கடல்ல போற கப்பல். நாலு பக்கம் மனு எழுதி வச்சிருக்கேன், என் கையாலயே. வக்கீலு கிக்கீலுலாம் கெடையாது. எனக்குக் காசு வேண்டாம். அவன் தப்ப அவன் வாயால ஒத்துக்கிடணும், அவ்வளவுதான்.

இப்ப ஒன்னு அஞ்சு. எனக்கு ஒன்னரைக்குத்தான் சாப்பாடு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

நான் கோவில்பட்டில மில்லுல டைம் கீப்பரா இருந்தவன். முப்பத்தி நாலு வருசம். சங்கு ஊதுறது என் பொறுப்பு. நான் ஊதுன சங்க வச்சுத்தான் பாதி ஊரு உலை வைக்கும். இந்த வாட்ச் பாருங்க, மில்லுல குடுத்தது, இன்னும் ஒரு நிமிசம் முன்ன பின்ன போகாது. ஏழு மணின்னா ஏழு மணிக்கு கேட்டச் சாத்திருவேன். ஏழு ஒன்னுக்கு வந்தா அரை நாள் லீவு. பாண்டவர்மங்கலத்துலருந்து முத்துமாரின்னு ஒருத்தி வருவா, வயித்துப் புள்ளக்காரி. மூணு நிமிசம் லேட்டு. கேட்டப் புடிச்சிக்கிட்டு அழுதா. நான் தெறக்கலையே. ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான? இன்னைக்கும் சொல்லுதேன், நான் செஞ்சது சரி.

அப்பேர்ப்பட்டவன்ட்ட வந்து டைமப் பத்திப் பேசுதான் தம்பி அந்தக் கப்பல்காரன்!

எம்மக கோமதி சிங்கப்பூர்ல இருக்கா. எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பத்தொரு வருசம். அதுக்குன்னு கூப்பிட்டு, பத்து நாள் அவ வீட்டுல வச்சிருந்து, அப்புறம் எங்க ரெண்டு பேர மட்டும் மூணு ராத்திரி கப்பல்ல ஏத்தி விட்டா. "அப்பா, கப்பலுக்குள்ளயே எல்லாம் இருக்கு, சாப்பாடு எவ்வளவு வேணா சாப்பிடலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க"ன்னா. வாசல்ல வச்சு இன்னொன்னும் சொன்னா. "அப்பா, வாட்ச மாத்தி வைங்க. இங்க நம்ம ஊர விட ரெண்டரை மணி நேரம் கூட"ன்னா.

நான் மாத்தல. எதுக்கு மாத்தணும்? பத்து நாளா அவ வீட்டுல மாத்தாமத்தான இருந்தேன். எட்டு, ஒன்னரை, எட்டு. நம்ம ஊரு மணிக்கு எனக்குத் தட்டு வந்துச்சா இல்லையா? வந்துச்சு. மூணு நாள் இருக்கப் போற கப்பலுக்காக முப்பத்தி நாலு வருச வாட்ச திருகச் சொல்லுதா. வயிறு என்ன வாட்ச்சா, திருகி வைக்க?

மொத ராத்திரி. குளிச்சு, திருநீறு பூசி, சட்டை மாத்தி, சரியா எட்டு மணிக்குச் சாப்பாட்டு ஹாலுக்குப் போறோம். நானும் வீட்டுக்காரியும். அவ பேரு சண்முகவடிவு, நான் வடிவுன்னு கூப்பிடுவேன். போனா, ஹாலு வாசல்ல ஒரு கயிறு. செவப்புக் கயிறு, கோயில்ல சாமி பாக்கக் கட்டுவான்ல, அது மாதிரி. உள்ள லைட்டு எரியுது. தட்ட அடுக்குதான். சோறு இருக்கு, எனக்கு ஆவி தெரியுது தம்பி! கயித்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நின்னுக்கிட்டு, "க்ளோஸ்டு சார். நைன் தர்ட்டி க்ளோஸ்டு"ங்கான். நான் வாட்சக் காட்டுதேன், எட்டு மணின்னு. அவன் செவத்துல இருக்க கடிகாரத்தக் காட்டுதான். பத்தரை.

"சரிப்பா, உன் மணி பத்தரையாவே இருக்கட்டும். சோறு இருக்குல்ல, ரெண்டு கரண்டி போடு"ன்னேன். சிரிக்கான். கையக் கட்டிக்கிட்டுச் சிரிக்கான். "ரூல்ஸ் சார்"ங்கான். ரூலாம்! வயசான மனுசன், கூட ஒரு பொம்பள, பசிச்சு வந்து நிக்கோம், ஒரு கயித்த அவுத்து விடறதுக்கு என்ன? மனுசத்தன்மைன்னு ஒன்னு வேண்டாமா? மனுவுல ரெண்டாம் பக்கம் பூரா இதத்தான் எழுதியிருக்கேன்.

பக்கத்துல ராத்திரிச் சாப்பாடுன்னு ஒரு மேசை இருக்கு, அங்க போங்கன்னான். போயி பாத்தேன். ரெண்டா வெட்டின பன்னு, உள்ள என்ன கறியோ தெரியல. காஞ்சு போன பீட்சா. உருளைக்கெழங்கக் குச்சி குச்சியா வறுத்து வச்சிருக்கான். நூடுல்ஸு, பச்சத்தண்ணி மாதிரி ஆறிக் கெடக்கு. சோறு ஒரு பருக்கை கெடையாது. இதுக்குப் பேரு சாப்பாடாம். "எனக்கு வேண்டாம், வா போவோம்"னுட்டு ரூமுக்குத் திரும்பிட்டேன். எனக்கும் ரோசம் இருக்குல்ல?

நான் சாப்பிடல, அதனால அவளும் சாப்பிடல. எங்க வீட்டுல அப்படித்தான். நான் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் அவ உக்காருவா. நான் சொல்லிச் செஞ்சதுன்னு நெனைக்காதீக, ஒரு நாள் சொன்னதில்ல. அவளாச் செய்வா. எங்கம்மா அப்படி, அவுக அம்மாவும் அப்படி. நல்ல குடும்பத்துல அது ஒரு பழக்கம்.

ஆனா அவளுக்குச் சர்க்கரை. ஏழரைக்கு மாத்திரையப் போட்டுட்டா, எட்டுக்குச் சாப்பிடுவோம்னு. இது எனக்கு எப்படித் தெரியும்? அவ மாத்திரைக் கணக்கு அவளுக்கு. நடுராத்திரி முழிப்பு வந்து பாக்கேன், கட்டிலு ஆடுது. கப்பல் ஆடுதுன்னு நெனைச்சேன். இல்ல, அவ நடுங்குதா. சேலை பூரா வேர்வ. "வடிவு, வடிவு"ங்கேன், அவளுக்கு வாய் குழறுது. என்னமோ சொல்லுதா, ஒன்னும் வெளங்கல. பயந்துட்டேன் தம்பி. பொய் சொல்லக் கூடாது. நடுக்கடல்ல யாரப் போயிக் கூப்பிட?

கதவத் தெறந்து கத்தினேன். யாரோ போன் போட்டு நர்ஸு வந்துச்சு. நல்ல வேளை தமிழ்ப் பொண்ணு, மலேசியாவுல ஈப்போக்காரி, பேரு புஷ்பராணி. விரல்ல குத்திப் பாத்துட்டு, வாயில இனிப்பப் புகட்டி, தலையத் தாங்கிப் புடிச்சிக்கிட்டு எங்கிட்ட கேக்குது. "அங்கிள், ஆன்ட்டி கடைசியா எப்ப சாப்ட்டாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்?

"என்ன சாப்ட்டாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? "எப்பவும் ராத்திரிக்கு எத்தனை இட்லி சாப்பிடுவாங்க?" அட, எனக்கு எப்படிம்மா தெரியும்னேன். நான் சாப்பிட்டுட்டு நியூஸ் பாக்கப் போயிருவேன். அவ அடுப்படியில சாப்பிடுவா. நாப்பத்தொரு வருசத்துல அவ சாப்பிட்டு நான் பாத்ததில்ல. இருக்கறதச் சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு என்னைய ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க. மில்லுல மொதலாளி கூட என்னைய அப்படிப் பாத்தது கெடையாது. நானா சோத்த மூடி வச்சேன்? கயித்தக் கட்டினவன விட்டுட்டு என்னையப் பாக்குது.

ஒரு அட்டை எழுதிக் குடுத்துச்சு வடிவு கையில. காலைல இத்தன மணி, மதியம் பன்னெண்டரை, சாயங்காலம் கொஞ்சம், ராத்திரி இத்தன மணி, படுக்கும் போது ஒரு பழமோ பாலோ. எல்லாம் கப்பல் மணி. "ஆன்ட்டி, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. மணியானா சாப்பிடணும்"னு சொல்லிட்டுப் போச்சு. சொல்லும் போது அவளப் பாத்துச் சொல்லல, என்னையப் பாத்துத்தான் சொல்லுச்சு. அது பேரும் மனுவுல இருக்கு. மூணாம் பக்கம்.

மறுநா அஞ்சரைக்கு எந்திரிக்கேன். கட்டில்ல ஆளக் காணும். கக்கூசுல இல்ல. செருப்பு இல்ல. ராத்திரி அப்படிக் கெடந்தவ எங்க போனா? கடலு வேற சுத்தி. கம்பியப் புடிச்சிக் கீழ எட்டிப் பாக்கேன், தலை சுத்துது. மாடி மாடியா ஓடுதேன் தம்பி, இந்த முழங்கால வச்சிக்கிட்டு. கடைசில எங்க இருக்கா? சாப்பாட்டு ஹாலுல, சன்னலோர மேசையில, இட்லியும் முட்டையும் வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. கப்பல்ல வந்த ஈப்போத் தமிழ்ப் பொம்பளைக மூணு பேரு கூட. என்னைய நிமிந்து பாத்துட்டு, "நான் சாப்ட்டேன்"ங்கா.

நான் சாப்ட்டேன்! கேட்டீகளா? நாப்பத்தொரு வருசத்துல அந்த வார்த்தைய எனக்கு முந்தி அவ வாயிலருந்து நான் கேட்டதில்ல. "நீங்க தூங்கிட்டிருந்தீக, எழுப்ப மனசில்ல. வாங்க, நீங்களும் சாப்பிடுங்க, இன்னும் நேரம் இருக்கு"ங்கா. எனக்கு மணி அஞ்சரை. பல்லு வெளக்கல. குளிக்கல. அஞ்சரைக்கு எவன் இட்லி திம்பான்? போயிட்டேன் ரூமுக்கு. குளிச்சு முடிச்சு எட்டு மணிக்கு வந்தா, அதே கயிறு.

மூணு நாளும் இதே கூத்துதான். ஒரு ரூமுல ரெண்டு மணி ஓடுது. அவ எந்திரிக்கும் போது எனக்கு நடுச்சாமம். நான் மதியம் ஒன்னரைக்குச் சாப்பிடப் போனா அவனுக்கு நாலு மணியாம், கேக்கும் டீயும் வச்சிருக்கான். மதியச் சாப்பாட்டுக்குக் கேக்கு! பசிக்கத்தான் செஞ்சுது, இல்லேன்னு சொல்லல. வாட்ச மாத்த வேண்டியதுதானன்னு நீங்க கேக்கலாம். ஏன் மாத்தணும்? அவன் சொன்னதுக்கு மாத்திட்டா அப்புறம் நான் எதுக்கு?

ரெண்டாம் ராத்திரி, அந்தப் பன்னு மேசைக்கே போனேன். வேற வழியில்ல, வயிறு கேக்கல. தட்ட எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கேன். தம்பி, உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நான் என் கையால தட்டுல போட்டுச் சாப்பிட்டது அன்னைக்குத்தான். எவ்வளவு எடுக்கணும்னு தெரியல. இடுக்கி வச்சிருக்கான், அத அமுக்கினா பன்னு நசுங்குது, விட்டா விழுகுது. பின்னாடி ஒரு சீனாக்காரப் பையன், இத்தனோண்டு, என்னையப் பாத்துச் சிரிக்கான். அந்நேரம் வடிவு வாரா. படுக்கும் போது பால் குடிக்கணும்னு அட்டையில இருக்குல்ல, அதுக்கு. அப்பாடான்னு தட்ட நீட்டினேன். "வடிவு, இதுல எது நல்லாருக்கும், போட்டுக் குடு"ன்னேன். அவ பால் டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, "இங்க அவுகவுகதான் போட்டுக்கிடணுமாங்க"ன்னுட்டு அந்த மூணு பேரு பக்கத்துல போயி உக்காந்துட்டா. சிரிக்கா. அந்தப் பொம்பளைக என்னமோ சொல்ல, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. வீட்டுல இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. கப்பல்காரன் கெடுத்ததுதான எல்லாம்?

இன்னொன்னு கேளுங்க. மூணாம் நாள் அவ மதியம் சாப்பிடப் போகும் போது நானும் போனேன். சாப்பிட இல்ல, எனக்கு அப்ப மணி பத்து. சும்மா காவலுக்கு. எதிர்த்தாப்புல உக்காந்தேன். அவ தட்ட எடுத்துக்கிட்டுப் போயி, நெதானமா ஒவ்வொன்னாப் பாத்துப் பாத்து எடுத்துட்டு வாரா. சோறு, கூட்டு மாதிரி ஏதோ, முழு மீன அவிச்சு வச்சிருந்தான், அதுல ஒரு துண்டு. பாக்கேன், நடுத்துண்டு. நல்லா சதைப்பத்தா, முள்ளே இல்லாத நடுத்துண்டு. எங்க வீட்டுல மீன் வாங்கினா நடுத்துண்டு எனக்கு. அவளுக்கு வாலுதான் புடிக்கும். எப்பவும் வாலத்தான் எடுத்துக்கிடுவா. அதனால சொன்னேன், "ஏம்மா, உனக்கு வால் துண்டுதான புடிக்கும், மாத்தி எடுத்துட்டு வந்துட்ட"ன்னு.

"யாரு சொன்னா?"ங்கா.

அவ்வளவுதான். கண்ண மூடிக்கிட்டுத் திங்கா. ஒரு வாய் எடுத்தா, கண்ண மூடிக்கிடுதா. கூட ரெண்டு துண்டு போயி எடுத்துட்டு வந்தா. நான் சும்மா உக்காந்து பாத்துட்டிருந்தேன்.

ஊருக்கு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனைச்சேன். வந்து ஒன்னரை மாசமாச்சு. அந்த அட்டைய அடுப்படிச் செவத்துல ஒட்டி வச்சிருக்கா. பன்னெண்டரைன்னா பன்னெண்டரைக்கு உக்காந்து சாப்பிட்டுருதா. நம்ம ஊரு பன்னெண்டரைதான், அதுல தப்பில்ல. ஆனா ஒன்னரைக்கு நான் வந்தா, எனக்குப் போட்டு மூடி வச்சிட்டு டிவி பாத்துட்டிருக்கா. சோறு சூடாத்தான் இருக்கு. குழம்பு சூடாத்தான் இருக்கு. பக்கத்துல ஆளு இல்ல. ரெண்டாவது தடவ சோறு வேணுமான்னு கேக்க ஆளில்ல. தண்ணி நானே மோந்து குடிக்கேன். எனக்கு எறங்க மாட்டேங்குது தம்பி. ஒருத்தன் ஒத்தையில உக்காந்து எப்படிச் சாப்பிடறது? நீங்களே சொல்லுங்க, எப்படி எறங்கும்? அவ எப்படித்தான்... சரி, அது கெடக்கட்டும்.

அதான் கேஸ். ஒரு குடும்பத்தோட சாப்பாட்டையே கெடுத்து விட்டுட்டான்ல. ஆனா ஒரு சிக்கல். டிக்கெட்டு அவ பேருலயும் இருக்கு, கஷ்டப்பட்டதும் அவ, அதனால கடைசிப் பக்கத்துல அவ கையெழுத்து வேணும். நேத்து ராத்திரி குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு நாலு பக்கத்தையும் படிச்சா. நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன், "எனது மனைவி இரவு முழுவதும் பட்டினி கிடக்க நேர்ந்தது"ன்னு. அந்த வரிய வெரலால தொட்டுக்கிட்டு, "இதுல யாராலன்னு சரியா எழுதலையே"ன்னா. கப்பல் கம்பெனி பேரு மேல இருக்கேம்மான்னேன். பேப்பர மடிச்சு எங்கையில குடுத்துட்டு, "எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க, அப்புறம் போடுதேன்"னுட்டுப் போயிட்டா. என்ன முழுசா? நாலு பக்கம் முழுசு இல்லையா? அவ கையெழுத்து இல்லாமயே குடுத்துப் பாப்போம்னுதான் வந்தேன்.

இருங்க. மணி ஒன்னரை. அந்தா, அவனும் சொன்னபடி சன்னலத் தெறந்துட்டான் பாத்தீகளா? இருக்கட்டும், எனக்குச் சாப்பாட்டு நேரம் இது. சாப்பிட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். கோவமா இருந்தாலும் சோத்துல கொறை வைக்க மாட்டா. நேத்து நானே மார்க்கெட்டுக்குப் போயி கம்மாய்க் கெண்ட வாங்கியாந்தேன், நல்ல பெரிய மீனு. வறுத்து வச்சிருக்கா, வாசம் வருதா? மேல சோறு. இது குழம்பு. இதுல...

வாலு.

வால் துண்டு தம்பி. மாத்தி வச்சிட்டா. விடியக்கால அவசரத்துல அவளுக்கு எடுத்து வச்சத எனக்கு... இல்ல. அவ எதையும் மாத்தி வைக்கிறவ இல்ல.

சரி, வாலுன்னா என்ன, அதுவும் மீனுதான. இருங்க. அட எழவே. முள்ளு. மறுபடியும் முள்ளு. ஒரு வாய்க்கு நாலு முள்ளு வருது. இதுல சதை எங்க இருக்கு? சோத்தோட சேத்து முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. இதையா தின்னா? இத்தன வருசம் அந்த அடுப்படியில ஒத்தையில உக்காந்து இதையா தின்னுட்டிருந்தா? ஏன் சொல்லல? வாயில்லையா அவளுக்கு? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான்...

என்ன செஞ்சிருப்பேன்னு பாக்கீகளா? பாக்காதீக தம்பி. நீங்களும் அந்த நர்ஸு மாதிரி பாக்காதீக.

போங்க, சன்னல்ல ஆள் சேருது. நீங்க மொதல்ல உங்க பிரிட்ஜப் பாருங்க. எனக்கு நேரமாகும், முள்ளு எடுத்து எடுத்துத்தான் திங்கணும். போறதுக்கு முந்தி ஒரு ஒத்தாசை. எங்கையி எச்சில், இந்தப் பையில மனு இருக்கு பாருங்க, அதுல கடைசிப் பக்கத்த மட்டும் உருவிக் குடுங்க. அதான், கையெழுத்து இல்லாதது. இந்த முள்ளப் போட ஒரு பேப்பர் வேணும்.